மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

சமையலறை விளக்கைப் போட்டால் வாசல் கேட் திறந்தது. அணைத்தால் மூடியது.

"பார்த்தியா, வேலை செய்யுது," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"விளக்கு எரியலையே," என்றாள் சூசன்.

"விளக்கு அடுத்த கட்டம்."

சூசன் டார்ச் லைட்டைப் பருப்பு டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். பத்து நாளாக அவள் சமையல் அந்த வெளிச்சத்தில்தான் நடக்கிறது.

எல்லாம் மகன் நைஜல் கொடுத்த பிறந்தநாள் பரிசால் வந்தது. சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைக் கன்ட்ரோலர். அதை மாட்டி வயர் இழுத்துவிட்டால் விளக்கு, விசிறி, கேட், கதவு எல்லாம் கைபேசியின் பேச்சைக் கேட்குமாம். பூச்சோங்கில் நைஜல் வீட்டில் அப்படித்தான் கேட்கிறது.

"ரபீக்னு என் பிரண்டு பா. ஷா ஆலத்துல இதே வேலைதான் செய்யறான். அரை நாள்ல மாட்டிட்டுப் போயிடுவான்," என்றான் நைஜல்.

"முப்பத்தொரு வருஷம் ரயிலும் ரயிலும் மோதாம பார்த்துக்கிட்டவன்டா நான். ஒரு பல்பு எரியறதுக்கு ஷா ஆலத்துலேர்ந்து ஆள் வரணுமா?"

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் இப்படிக் கேட்டால் யாரால்தான் பதில் சொல்ல முடியும்? நைஜல் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டான். அரை நாள் வேலை அன்றே தொடங்கியது. இன்றோடு பதின்மூன்று நாள்.

முதல் சிக்கல் நியூட்ரல் வயர். கிள்ளானில், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய அந்தக் காலத்து இணைப்பு வீடு. சுவிட்சுப் பெட்டி எதிலும் நியூட்ரல் கிடையாது, கன்ட்ரோலருக்கோ அது இல்லாமல் முடியாது. ஸ்டானிஸ்லாஸ் உளியும் சுத்தியலும் எடுத்தார். மீட்டர் பெட்டியிலிருந்து ஹால் வரைக்கும் சுவரைக் கொத்தினார். ஒரு வயர் மாறிப் போனதால் கூடவே இன்னொரு பள்ளம் கொத்தினார். அது ஜெபப் பீடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. சமையலறைச் சுவரைக் கொத்த இடம் வேண்டுமென்று பிரிட்ஜைத் தள்ளிப் பின்கதவுக்கு முன்னால் நிறுத்தினார். சோபா, விசிறி, திருக்குடும்பப் படம், சூசனின் தலை என்று எல்லாவற்றின் மேலும் சிமெண்டுத் தூசி படிந்தது.

"சுவரை எப்ப மூடுவீங்க?" என்று தினமும் காலையில் கேட்பாள் சூசன்.

"டெஸ்டிங் முடியாம மூடக்கூடாது."

"சனிக்கிழமை மாதா வர்றாங்க."

"தெரியும் லா."

தெரியும்தான். அக்டோபர் ஜெபமாலை மாதம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தார் மாதாவின் சிலையை, அந்தச் சுரூபத்தை, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குத் தூக்கிவருவார்கள். ஜெபம் முடிந்ததும் சுரூபம் அடுத்த நாள் மாலை வரை அந்த வீட்டில் தங்கும். சூசனின் முறை ஒரு தடவை ஊரடங்கில் போயிற்று, இன்னொரு தடவை அவளுடைய டெங்கிக் காய்ச்சலில் போயிற்று. ஐந்து வருஷமாக அவள் இந்த நாளுக்குக் காத்திருந்தாள். பீடத்துக்குப் புதுத் துணி தைத்து அலமாரியில் வைத்திருந்தாள்.

சுரூபத்தோடு பிலோமினா டீச்சரும் வருவார். அன்பியத்தின் தலைவி. எந்த வீட்டு விசிறியில் தூசி, எந்த வீட்டுத் திரைச்சீலையில் எண்ணெய்க் கறை என்று அடுத்த வீட்டில் சொல்வது அவர் வழக்கம். அதில் பொல்லாப்பு எதுவும் இருக்காது. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொல்வார். கேட்பவர்கள்தான் வீட்டுக்கு ஓடிப்போய் விசிறியைத் துடைப்பார்கள்.

"பேசாம வேற வீட்டோட மாத்திக்கலாமாங்க?" என்றாள் சூசன் வியாழக்கிழமை.

"எதுக்கு? மாதா வரும்போது கேட் தானா திறக்கும். கதவுப் பூட்டு தானா விடும். பீடத்துல விளக்கு தானா எரியும். இந்த ஏரியாவுல எந்த வீட்டுல அப்படி நடந்திருக்கு? உனக்காகத்தானே இவ்வளவும் செய்யறேன்."

அது பொய்யில்லை. பாதி நைஜலுக்குக் காட்ட என்றாலும் மீதி அவளுக்காகத்தான்.

வேலையில் அவர் ஒரு புதுமையும் செய்திருந்தார். கன்ட்ரோலரோடு வந்த புத்தகம் சொன்னபடி செய்யாமல், ரயில்வே முறைப்படி இன்டர்லாக்கிங் போட்டிருந்தார். அதாவது, ஒரு தண்டவாளத்தில் வண்டி இருந்தால் இன்னொரு வண்டிக்குப் பச்சை விழாது. அதே சட்டம் இனி வீட்டுக்கும். கேட் திறந்திருக்கும்வரை வீட்டுக் கதவு பூட்டியே இருக்கும். கேட் முழுக்க மூடிய பிறகுதான் கதவின் பூட்டு 'டிக்' என்று விடும், தள்ளினால் திறக்கும். திருடன் கேட்டைத் தாண்டினாலும் கதவைத் தாண்ட முடியாது. கரண்ட் போனாலும் பேட்டரியில் பூட்டு இறுகிவிடும். எது பழுதானாலும் சிவப்பு.

இதற்காகக் கதவின் இரும்பு கிரிலைக் கழற்றினார். கைப்பிடியையும் கழற்றினார். "கதவைத் திறக்கறது இனிமே சிஸ்டத்தோட வேலை. கண்டவங்க கை வைக்கக் கூடாது." கதவின் உச்சியில் இருந்த பித்தளைத் தாழ்ப்பாளையும் கழற்ற ஸ்டூலில் ஏறினார்.

"அது பாட்டுக்கு அது இருக்கட்டுமே," என்றாள் சூசன். "உங்களை என்ன செய்யுது?"

இறங்கிவிட்டார். ஸ்க்ரூ வேறு துருப்பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு வயரை மாற்றிப் போட்டதில் கேட் ஒழுங்குக்கு வந்தது. ஆனால் காலிங் பெல்லை அழுத்தினால் ஹால் விசிறி சுற்றியது. அதைச் சரிசெய்ய மூன்றாவது பள்ளம் கொத்தினார். விசிறி நின்றது. சமையலறை விளக்கு மட்டும் மசியவில்லை. அதை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டார். பிறகு கார் போர்ச் தரையில் கேட்டுக்கு உள்பக்கமாக ஒரு மஞ்சள் கோடு போட்டு, தன் குரலிலேயே ஓர் அறிவிப்பும் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஏற்றினார். ஐந்து முறை சோதித்தார். ஐந்து முறையும் கேட் மூடியது, கதவு 'டிக்' என்றது, தள்ளியதும் திறந்தது.

"ஏ கிளாஸ்," என்றார். சுவரை மூட நேரமில்லை.

சனிக்கிழமை மதியம் சூசன் காரை ரோட்டில் நிறுத்தச் சொன்னாள். போர்ச்சை இரண்டு தடவை கழுவினாள். பக்கத்து வீட்டு சனாவுல்லாவிடம் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வரிசையாகப் போட்டாள். ஒரு மேசையில் பீடத்துக்குத் தைத்த புதுத் துணியை விரித்தாள்.

"ஜெபம் உள்ளதானே?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"ஆள் அதிகமா வந்தா?"

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. உருளைக்கிழங்கு மசாலா வைத்து அவள் பொரித்திருந்த கறிபாப்பில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வழக்கமாக உள்ளங்கை அளவுக்குச் செய்பவள், இன்று கட்டைவிரல் அளவுக்குச் செய்திருந்தாள்.

மாலை ஆறரைக்குப் பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. சூசன் மெழுகுவர்த்தியோடு உள்ளே நின்றாள். ஸ்டானிஸ்லாஸ் போர்ச்சில் நின்றார். சிக்னல் வேலையின் முதல் நாள்போல் சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டார். இருபத்தாறு பேர், முன்னால் சுரூபம், அதற்கும் முன்னால் பிலோமினா டீச்சர். நெருங்கியதும் கேட் தானாகத் திறந்தது.

"அடேயப்பா!" என்றது கூட்டம்.

எல்லோரும் உள்ளே வந்ததும் ஸ்பீக்கரில் அவர் குரல் எழுந்தது. "கேட் மூடப்படுகிறது. தயவுசெய்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்."

இருபத்தாறு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். கேட் மூடியது. டிக்.

"இப்ப பாருங்க," என்று கதவைத் தள்ளினார்.

கதவு அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினார். அப்போதும் அசையவில்லை.

"சூசன்! உள்ளேர்ந்து இழு!"

"கைப்பிடியைத்தான் கழட்டிட்டீங்களே," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

கேட் சரியாக மூடவில்லை, சென்சார் ஏமாந்துவிட்டது என்று முடிவு செய்தார். ரிமோட்டை அழுத்தித் திறந்து மறுபடி மூடினார். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் இடம் போதாமல், திறந்த நேரத்தில் வெளியே ஒதுங்கிய பிலோமினா டீச்சர் இப்போது கேட்டுக்கு அந்தப்புறம் மாட்டிக்கொண்டார். கையில் ஜெபப் புத்தகம். கூட்டத்துக்கே அது ஒன்றுதான் இருந்தது. கதவு அசையவில்லை. டீச்சரை உள்ளே விட மறுபடி திறந்தார், மூடினார். டிக். கதவு அசையவில்லை.

"பின்கதவு இருக்கில்ல?" என்றார் சத்தம் கேட்டு வந்த சனாவுல்லா, மதில் மேல் கையூன்றி.

"பிரிட்ஜ் நிக்குது அண்ணே," என்றாள் சூசன் ஜன்னல் வழியாக. புதிதாகத் தொங்கிய தடித்த திரைச்சீலைக்கும் ஜன்னல் கிரிலுக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"என் போனைக் கொண்டா, ரீசெட் பண்றேன்."

போன் கிரில் வழியாக வந்தது. ரீசெட் செய்தார். கேட் இன்னொரு முறை திறந்து மூடியது. கதவு அப்படியே இருந்தது. அறிவிப்பு மட்டும் நிற்கத் தெரியாமல் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒலிக்க ஆரம்பித்தது.

பிலோமினா டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கேயே ஆரம்பிச்சிடுவோம். மேசைகூடத் தயாரா இருக்கே."

சுரூபம் புதுத் துணி மேல் அமர்ந்தது. ஜெபமாலை தொடங்கியது. "அருள் நிறைந்த மரியே" என்று கூட்டம் சொல்ல, "மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்" என்றார் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பீக்கரிலிருந்து. மாலையில் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடித்த பிறகு யாரும் அதற்குச் சிரிக்கவில்லை, பழகிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் நின்றார். ஐந்து வருஷம் காத்திருந்த பெண். அவள் வீட்டுக்கு வந்த மாதா வாசலில் நிற்கிறாள், அவளோ ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கிறாள். ஜெபத்தைக் கணீரென்று சொன்னாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவரை இன்னும் அறுத்தது.

ஜெபம் முடிந்ததும் கறிபாப்புகள் கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை.

"காத்தோட்டமா நல்லா இருந்துச்சு சூசன்," என்றார் பிலோமினா டீச்சர். "நேத்து போன வீட்டுல விசிறியைப் பார்த்தேன்... சரி, அது எதுக்கு."

எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கடைசி ஆள் போய், கேட் மூடியது. ஸ்டானிஸ்லாஸ் சுரூபத்தை இரு கையிலும் தூக்கிக்கொண்டு கதவருகே போனார். தோளால் லேசாகத் தொட்டார். கதவு திறந்தது.

"திறந்திருச்சுங்க!" என்றாள் சூசன்.

நாலு தடவை மாட்டேன் என்ற கதவுக்கு ஐந்தாவது தடவை எப்படி மனம் வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. கொத்திய பள்ளங்களுக்கு நடுவே பீடத்தில் மாதாவை வைத்தார். சூசன் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"என்னை மன்னிச்சிடு சூசன். உன் நாளைக் கெடுத்துட்டேன்."

"விடுங்க. மாதா வந்துட்டாங்க இல்ல," என்றாள். அவர் முதுகைத் தட்டிக்கூடக் கொடுத்தாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அவரே நைஜலுக்குப் போன் செய்தார். முப்பத்தொரு வருஷ சர்வீஸை ஒரு வாக்கியத்தில் ஒப்படைத்தார். "அந்த ரபீக்கை வரச் சொல்லு."

ரபீக் மதியமே வந்தான். சுவர்களைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு லேப்டாப்பைக் கன்ட்ரோலரில் மாட்டி உட்கார்ந்தான்.

"இந்த இன்டர்லாக்கிங் யார் எழுதுனது அங்கிள்?"

"நான்தான். தப்புன்னு தெரியும். எல்லாத்தையும் அழிச்சிட்டு உன் முறைப்படி போடு."

"அழிக்கறதா? நான் இதைக் காப்பி எடுத்துட்டுப் போறேன் லா." ரபீக் திரையை அவர் பக்கம் திருப்பினான். "எல்லாம் நேரத்தோட பதிவாகியிருக்கு, பாருங்க. ஆறு நாப்பத்தொண்ணு, கேட் மூடியாச்சு. அதே ஆறு நாப்பத்தொண்ணு, பூட்டு விட்டாச்சு. அப்புறமும் கேட் மூடுன ஒவ்வொரு தடவையும் பூட்டு கரெக்டா விட்டிருக்கு. ஒரு தடவைகூட பிசகல."

ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். படித்ததையே இன்னொரு தடவை படித்தார்.

"அப்புறம் ஏன்டா கதவு திறக்கல?"

சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது.

ரபீக் எழுந்து கதவருகே போனான். நிலையை விரலால் தடவி, வெள்ளையாகிவிட்ட விரலைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து கதவின் உச்சியைப் பார்த்தான்.

"வீடு முழுக்க ஒரு இஞ்சுக்கு சிமெண்டுத் தூசி இருக்கு அங்கிள். மேல இருக்கிற அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள்ல மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லையே, நேத்து அதை உள்ளேர்ந்து போட்டது யாரு?"