தூக்குமேடைக் கதவும் என் கைப்பழக்கமும்

ஆண்டவருக்குள் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் பிரசங்கம் இப்போதெல்லாம் முன்பைவிடச் சுருக்கமாக இருக்கிறது என்று அக்கா எழுதியிருந்தாள். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

நலம் இவ்வளவுதான் அத்தான், இனி எழுதுவதெல்லாம் நடுக்கம். ஆறு வாரத்துக்கு முன்னால் ஜெயிலிலிருந்து வார்டர் வந்து, "மேஸ்திரி, ஒரு கதவு இறுகிக்கிச்சு, வந்து பாருங்க" என்றான். ஜெயிலுக்குக் கதவு, பெஞ்சு எல்லாம் என் பட்டறை வேலைதான் என்பது உங்களுக்குத் தெரியும். உளிப்பையைத் தூக்கிக்கொண்டு போனால் கதவு சுவரில் இல்லை, தரையில் இருக்கிறது. தூக்குமேடையில் நிற்கிறவன் காலுக்கு அடியில் திறக்கிற கதவு. பதினெட்டு வருஷமாக யாரும் திறக்காததால் மழை ஈரத்தில் மரம் ஊதிச் சட்டத்தோடு கவ்விக்கொண்டுவிட்டது, புதிதாகச் செய்வதுதான் வழி. அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவனுக்காக அது திறந்தாக வேண்டுமாம். தன் முதலாளியைத் தூக்கத்திலேயே கொன்றானே அந்த லாரி டிரைவர், அவனுக்கு. முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஜெயிலர் என்னைப் பார்த்த பார்வையில் "பாக்கறேன்யா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்குப் பல்லியைக் கண்டாலே பயம், ஜெயிலர் என்றால் கேட்கவா வேண்டும்.

சரி, இது பாவமா இல்லையா என்று நாலு பேரைக் கேட்போம் என்று கிளம்பினேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். எங்கள் போதகர், "உயிரைக் குடுத்தவர்தான் எடுக்கணும், தப்பு செஞ்ச பொண்ணு மேல கல்லெறிய வந்த கூட்டத்தையே ஆண்டவர் கலைச்சு அனுப்பலையா" என்றார். நிம்மதியாக வெளியே வந்தால் வாசலில் சபை மூப்பர். செத்துப்போன முதலாளி அவருடைய சித்தப்பா மகன், அவர் கண்ணீரிலும் நியாயம் இருக்கிறது. "பக்கத்துச் சிலுவையில தொங்கின கள்ளனை ஆண்டவர் இறக்கியா விட்டாரு? மன்னிச்சாரு, ஆனா தண்டனையை நிறுத்தலையே. வெட்டுற பட்டயத்தை அரசாங்கத்து கையில குடுத்ததே அவர்தான், நீ போய் கதவைச் செய்" என்றார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது, அதுதான் என் கஷ்டகாலம். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தச் சிலுவையைக்கூட ஒரு தச்சன்தான் செஞ்சிருப்பான். அவனும் நாலு பேரைக் கேட்டுட்டுத்தான் செஞ்சிருப்பான்" என்றாள்.

ஆனாலும் போனேன் அத்தான். கம்பிக் கதவுக்கு அப்பால் அந்த ஆளை நடக்க விட்டிருந்தார்கள். ராட்சசன்போல இருப்பான் என்று நினைத்திருந்தேன், சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "என்ன மேஸ்திரி, கதவா?" என்றான். "ஆமாங்க" என்றேன். "நல்லா செய்ங்க, பாதியில மாட்டிக்காம இருக்கணும்" என்றான். நான் பதற்றத்தில், "உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது.

அந்த நடுக்கத்தில்தான் தவறு நடந்தது. எந்தக் கதவு செய்தாலும் அடிச்சட்டத்தில் சின்ன உளியால் "போக வர ஆண்டவர் துணை" என்று செதுக்குவது என் முப்பது வருஷப் பழக்கம். உங்கள் குளியலறைக் கதவில்கூட இருக்கிறது, நீங்களே ஆட்சேபித்தீர்கள். மனம் எங்கேயோ இருக்க, கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. மறுநாள் மணல் மூட்டையை நிறுத்திச் சோதனை செய்தார்கள். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. பாவி நான், ஒரு நொடி பெருமைப்பட்டேன். கீழே குழியில் நின்ற ஜெயில் டாக்டர், "இங்க என்னமோ எழுதியிருக்கே" என்று உரக்க வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஜெயிலர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, "போறது சரி மேஸ்திரி, வர்றது எப்படி?" என்று கேட்டார். "இழைச்சு எடுத்துடறேன்யா" என்று இழைப்புளியைப் போட்டேன். பயத்தில் எழுத்தோடு பலகையும் போய்க் கதவு அப்பளமாகிவிட்டது. வார்டர் அதன்மேல் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்தான், டப்பா குழிக்குள் போய்விட்டது. அதோடு வெள்ளிக்கிழமை ரத்து. நான் புதுக் கதவு கொடுக்கிற வரைக்கும் தூக்கு இல்லை.

இப்போது புரிகிறதா அத்தான், அந்த உயிர் என் பட்டறையில் கிடக்கிறது. ஐந்து வாரமாக நான் முடிக்கவில்லை. மரம் காயவில்லை என்றேன், கீல் வரவில்லை என்றேன், எனக்கு முதுகுப் பிடிப்பு என்றேன். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு நாள் அவன் உயிரோடு இருக்கிறான். மூப்பர் தினமும் பட்டறைக்கு வந்து, பலகையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். வையவாவது செய்தால் தேவலை. போன ஞாயிறு ஆராதனையில், அப்போஸ்தலரிடம் பொய் சொன்ன புருஷனும் பெண்சாதியும் விழுந்து செத்த பகுதியை வாசித்தார்கள், நான் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரி என்னை மரியாதையாகப் பார்க்கிறாள். கோழையாகவே இருந்தவன் ஓர் இரக்கமான காரியம் செய்கிறேன், பயந்துகொண்டே செய்தாலும் இரக்கம் இரக்கம்தானே? இதற்காகச் சொல்லும் பொய் பாவமா இல்லையா? ஆம், இல்லை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். வசன எண்களைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டிலும், கொஞ்சம் மிச்சமிருந்தால் என் பட்டறையிலும் தங்கியிருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் ஜெபத்தை நம்பியிருக்கும் மைத்துனன்

பின்குறிப்பு: இதை உறையில் போடும் நேரத்தில் வார்டர் வந்தான். ஜெயிலர் அனுப்பவில்லை, அந்த ஆள்தான் சொல்லி அனுப்பினானாம். "மேஸ்திரி, தேதி சொல்ல மாட்டேங்கறாங்க. தினமும் விடியறப்ப பூட்டு சத்தம் கேட்டா இன்னிக்குத்தான்னு எந்திரிச்சு முகம் கழுவி, ஜெபம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். முப்பத்தஞ்சு நாளாச்சு. ஒரு தடவை சாகணும்னுதான் தீர்ப்பு. தினம் தினம் என்னால முடியல. கதவை முடிச்சுக் குடுத்துடுங்க." அத்தான், மேலே இரக்கம் என்று நான் எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிடுங்கள். பதில் எழுத வேண்டாம், அடுத்த ரயிலைப் பிடித்து நேரில் வாருங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. அவனுக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டு வார்டர் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.