அன்பழகனா, பொன்னுவேலா?

"பேச்சுத் தொணைக்குக்கூட ஆளில்லாம எப்படிங்க இருக்கறீங்க?"

வனிதா சாமான் இறக்கிய அன்றைக்குப் பக்கத்து வீட்டு ராணி கேட்ட கேள்வி அது. வனிதா ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா?

வாழவந்திக்கு மேலே, காப்பித் தோட்டத்தின் கடைசியில், ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே இரண்டு வீடுகள். நடுவில் ஒரு சுவர். ராணியின் வீட்டுக்காரர் சிவக்குமாருக்குத் தலைச்சோலைப் பக்கம் ஏதோ எஸ்டேட்டில் ராத்திரிக் காவல் வேலையாம். விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரைத் தாண்டி அவருடைய கனத்த குரல் என்னவோ சொல்லும். ராணி கலகலவென்று சிரிப்பாள். இந்தப் பக்கம் வனிதா தன் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்தச் சிரிப்பு ஓய்கிற வரைக்கும் சுவரோரம் நிற்பாள். அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் ஓட்டிலிருந்து பனி சொட்டுகிற சத்தம்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளைப் பஸ் ஏற்றி ஏற்காட்டுக்கு அனுப்பியது.

"ஊட்டுல ஒரு பேச்சுச் சத்தம் கேக்கோணும்ங்க. அதுக்கு எது நல்லது?" என்று போன் கடைக்காரர் கமலக்கண்ணனிடம் கேட்டாள்.

அவர் இரண்டு ப்ளூடூத் ஸ்பீக்கர்களை எடுத்து வைத்தார். ஒன்று எண்ணெய் டின் பருமன். இன்னொன்று ஆரஞ்சுப் பழம் அளவு.

"பெருசு கணீர்னு பேசும்ங்க்கா. சின்னது முந்தானையிலகூட முடிஞ்சுக்கலாம். உங்களுக்கு எது வேணும்?"

உனக்கு எது வேணும் என்று வனிதாவை யாரும் கேட்டுப் பழக்கமில்லை. இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள்.

"சரி, ரெண்டையும் கொண்டு போய்ப் போட்டுப் பாருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒண்ண வெச்சுக்கிட்டு ஒண்ணத் திருப்பிக் குடுங்க. இருங்க, பேர் பண்ணிக் குடுத்தர்றேன்."

"என்ன பேருங்க வெக்கறது?" என்றாள் வனிதா.

போனோடு ஸ்பீக்கரை ஜோடி சேர்ப்பதைத்தான் அவர் 'பேர்' பண்ணுவது என்றார். ஆனால் வியாபாரி, சிரிக்கவில்லை. "பேரும் வெக்கலாம்ங்க்கா. சொல்லுங்க, போட்டுடலாம்."

வனிதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாயில் ஒரு பேரும் வரவில்லை. எதிர்க் கம்பத்தில் இரண்டு பேனர்கள் தொங்கின. ஒன்று கண்ணீர் அஞ்சலி, இன்னொன்று காதணி விழா. கண்ணீர் அஞ்சலிக்காரர் மீசையோடு பெரிய ஆளாக இருந்தார். பெரிய ஸ்பீக்கருக்கு 'அன்பழகன்' என்று அவர் பேரைச் சொன்னாள். காது குத்திக்கொண்ட குழந்தையின் பேர் சின்னதற்கு வந்தது: 'பொன்னுவேல்.'

அன்று சாயங்காலம் அன்பழகனைப் பெஞ்சின் மேல் உட்கார வைத்தாள். போனில் தட்டுப்பட்டது மிளகுக் கொடி வைத்தியம் பற்றிய ஒரு பேச்சு. பேசினவருக்கு நல்ல கம்பீரமான குரல். வனிதா எதிரே உட்கார்ந்து களியை உருண்டை பிடித்துக்கொண்டே, "அப்படிங்களா?", "ஆமாங்க" என்று இடையிடையே சொல்லிப் பார்த்தாள். களி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

மறுநாள் ராணி வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க வனிதா, நேத்து உங்க ஊட்டுல ஆம்பளக் கொரல் கேட்டுதுங்களே?"

கேட்க ஆளில்லாமல் ஒரு டப்பாவை வாங்கிப் பேசவிட்டுக் கேட்கிறேன் என்று சொல்ல வனிதாவுக்கு நாக்கு எழவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெஞ்சின் மேல் கிடந்த போன் திரையில் 'அன்பழகன்' என்று மின்னியது. சேலைக் குவியலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த ஸ்பீக்கருக்குச் சார்ஜ் தீர்ந்துபோன அறிவிப்பு. ராணி பேரை மட்டும் படித்துவிட்டாள்.

"அன்பழகனுங்களா?"

"ஆமாங்க."

"உறவுங்களா?"

"இன்னும் முடிவு பண்ணலீங்க" என்றாள் வனிதா. அதுவும் பொய் இல்லை.

ராணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். இந்த வீட்டில் வனிதாவைத் தவிர ஒரு ஆள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டீ போட்ட பிறகுதான் இரண்டாவது டம்ளரில் தூசி படிந்திருந்தது தெரிந்தது. அவசர அவசரமாகக் கழுவினாள். டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடவே விழுந்தது.

அடுத்த நாள் சின்னதைப் போட்டுப் பார்த்தாள். கீச்சுக் குரலில் ஒருவர் ராசிபலன் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ராணி வந்துவிட்டாள். வனிதா சட்டென்று ஸ்பீக்கரை முந்தானைக்குள் மறைத்து அணைத்தாள்.

"யாரு அந்தச் சன்னக் கொரலுக்காரரு? மேஷ ராசிக்காரங்க வாயைக் கட்டோணுமாமா? நான் மேஷம் கண்ணு!"

"அவரு பொன்னுவேலுங்க. உங்களச் சொல்லலீங்க."

"ரெண்டு பேரா!" ராணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே நாளில் 'ங்க' போய்க் 'கண்ணு' வந்துவிட்டதே என்று வனிதாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"ஒருத்தரத் திருப்பி அனுப்போணும்ங்க்கா. ஞாயித்துக்கெழமைக்குள்ள. எவரன்னுதான் தெரியல."

"ஆளுக எப்படி?"

"பெரியவரு நொம்பக் கனம். உக்காந்த எடத்துலயே உக்காந்திருப்பாரு. சின்னவரு போற எடத்துக்கெல்லாம் வருவாரு. ஆனாச் சீக்கிரம் களைச்சுப் போயிடறாரு."

"தண்ணி போடுவாங்களா?"

"ரெண்டு பேருக்குமே தண்ணி பட்டா ஆகாதுங்க."

"அட சாமி! தண்ணி தொடாத ஆம்பளைங்க ரெண்டு பேரா? அதுவும் ஒரே ஊட்டுல?" ராணி எழுந்து நின்றே விட்டாள். "இரு, எங்க ஊட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் சிவக்குமாரின் தீர்ப்பு வந்தது. "பெரியவர்தான் மேலுன்னு சொல்றாரு. ஊடுன்னா ஒரு கனத்த கொரலு இருக்கோணுமாம்."

பேச்சு வெளியே போகாமலிருக்க வனிதா சத்தத்தைக் குறைத்து வைத்தாள். உடனே ராணி வந்து, "என்ன கண்ணு, குசுகுசுன்னு பேசறீங்க, சண்டையா?" என்றாள். சமாதானத்துக்கு ஒரு தூக்குப்போசியில் கருவாட்டுக் குழம்பும் மூன்று பேருக்குக் களியும் வந்தன. மிச்சம் வைத்துப் பாத்திரத்தைத் திருப்பினால் மரியாதையாக இருக்காது. மூன்று பேர் பங்கையும் வனிதாவே தின்று தீர்த்தாள்.

"அவிய சாப்புட்டாங்களா? என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க்கா."

"எங்க ஊட்டுக்காரரும் அப்படியேதான். என்ன ஆக்கிப் போட்டாலும் நல்லாருக்குதுன்னு ஒரு சொல்லு வராது" என்றாள் ராணி. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

குரல் வெளியே கேட்காமலிருக்கச் சின்னதை அரிசி டின்னுக்குள் வைத்துப் பார்த்தாள் வனிதா. ராணி சுக்குக் காப்பியோடு வந்தாள். "பொன்னுவேலுக்குச் சளியா? கொரலு கெணத்துக்குள்ள இருந்து வராப்பல இருக்குது." அதையும் வனிதாதான் குடித்தாள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ராணி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். மறுநாளே காப்பிக் களத்தில் வனிதாவோடு வேலை செய்கிற மாதம்மாள் கொட்டை கிளறுகிற பலகையை நிறுத்திவிட்டுச் சத்தமாகக் கேட்டாள்: "ஏம்புள்ள, இங்க ஒருத்தர வெச்சே சமாளிக்க முடியல. நீ ரெண்டு பேர வெச்சுக்கிட்டு யோசனை பண்றயாமா?"

களமே சிரித்தது. வனிதாவுக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் மத்தியானம் சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு வழக்கம்போல மிஷின் கொட்டகைக்குப் பின்னால் போகப் போனவளை மாதம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போற? இங்க உக்காரு. கதையச் சொல்லு." இரண்டு பேர் நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள்.

அன்றிலிருந்துதான் வனிதாவுக்குப் பயம் பிடித்தது. உண்மை தெரிந்தால் இந்த இடம் போய்விடும். ராணியின் செருப்பு தன் வாசலில் கிடக்காது. இரண்டாவது டம்ளர் மறுபடி தூசி பிடிக்கும். சிரிப்புச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.

சனிக்கிழமை ராணி ஒரு முடிவோடு வந்தாள். "உனக்கு வாயில்ல கண்ணு. நாளைக்கு நானே வந்து ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசறேன்."

அவள் போனதும் வனிதா கமலக்கண்ணனுக்குப் போன் போட்டாள். "ரெண்டையும் எடுத்துக்கங்க. எனக்கு எதுவும் வேண்டாம்." இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று ராணியிடம் அழுதால், கூட உட்கார்ந்து ஆறுதல் சொல்ல இன்னும் நாலு நாளைக்காவது வருவாள். அதுதான் கணக்கு.

"நாளைக்கு வாழவந்தில ஒரு மைக் செட் வேலை இருக்குதுங்க்கா. நானே வந்து எடுத்துக்கறேன்" என்றார் கமலக்கண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு முன்னால் ராணி வந்துவிட்டாள். தலை சீவிப் பூ வைத்து, கையில் பணியாரப் போசியோடு. "எங்க ஊட்டுக்காரரையும் கூட்டியாரலாம்னு பாத்தேன். டூட்டி முடிஞ்சு வந்து அசந்து தூங்கறாரு. எங்க அவிய?"

"வருவாங்க்கா. டீ குடிங்க" என்று வனிதா டம்ளரைக் கொடுத்த நேரத்தில் வாசலில் வண்டி நின்றது.

"அக்கா!" கமலக்கண்ணனின் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது. "அன்பழகனா, பொன்னுவேலா? இல்ல, நெசமாவே ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

ராணி பாயிலிருந்து பாதி எழுந்தாள். "யாரு கண்ணு? அவிய ஊட்டு ஆளா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. வனிதா சேலைக் குவியலுக்கு அடியிலிருந்து பெரியதை எடுத்தாள். அரிசி டின்னுக்குள் கைவிட்டுச் சின்னதை எடுத்தாள். இரண்டையும் ராணியின் காலடியில், பணியாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இவியதானுங்க்கா" என்றாள். "உங்க ஊட்டுல சாயங்காலமானாப் பேச்சும் சிரிப்புமாக் கேக்கும். எனக்கும் அப்படி ஒரு சத்தம் வேணும்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்லீங்க."

ராணி சிரிப்பாள், அல்லது திட்டுவாள் என்று வனிதா காத்திருந்தாள். ராணி இரண்டும் செய்யவில்லை. சின்னதின் மேல் ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்துவிட்டு, பெரியதைக் கையில் தூக்கி, சார்ஜ் போடுகிற ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதத் திருப்பிக் குடுத்தராத கண்ணு" என்றாள் மெதுவாக. "சின்னதுல பேசினாத் தகரம் மாதிரி கேக்கும். இதுன்னாத்தான் ஆளு பக்கத்துல இருக்கறாப்பல இருக்கும்."

"யாரு, ராணியக்காவா? உள்ள இருட்டுல தெரியல பாருங்க!" கமலக்கண்ணன் குனிந்து வாசலுக்குள் தலையை நீட்டினார். "அவங்களுக்குத் தெரியாததா! போன வருசம் இதே பெருசத்தான வாங்கிட்டுப் போனாங்க. ஏனுங்க்கா, உங்க சிவக்குமாருக்கு இன்னும் சார்ஜ் நிக்குதுங்களா?"

ராணி கையிலிருந்த ஸ்பீக்கரைக் கீழே வைத்தாள். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே இறங்கிப் போனாள்.