கொக்கோ குடிக்கிற ஊரில் நாற்பதாவது கை

நூற்று ஐம்பத்தெட்டு.

எவேலியோ ரத்த அழுத்தக் கருவியைத் தட்டிப் பார்த்தான். பட்டையைக் கழற்றி வலக்கையில் மாட்டினான். நூற்று அறுபது. இடக்கையாவது கொஞ்சம் தாட்சண்யம் பார்த்திருக்கிறது.

நாளை மறுநாள் டாக்டர்கள் படகில் வருகிறார்கள். கொக்கோ குடிக்கும் இந்தக் குணா பழங்குடித் தீவுக்காரர்களுக்கு மட்டும் ரத்த அழுத்தம் ஏறுவதே இல்லையாமே, நிஜமா என்று நாற்பது ஆண்களைச் சோதிக்கப் போகிறார்கள். எவேலியோவின் எண் நாற்பது.

இருபது வருடம் பனாமா நகரத்து ஹோட்டல் அடுப்படியில் உப்பையும் எண்ணெயையும் ருசி பார்த்தே காலம் தள்ளியவன், போன மழைக்காலத்தில்தான் மனைவி பிரிசெய்டாவோடு ஊர் திரும்பியிருந்தான். ஊர் வழக்கப்படி வீட்டோடு மாப்பிள்ளை. அதுவும் ஊர்த்தலைவர் வீட்டுக்கு.

அந்த ஊர்த்தலைவர், அதாவது சோதனைப் பட்டியலில் முதல் எண்ணான மாமனார் ரோசெண்டோ, முந்தின நாள் சபையில் முழங்கியிருந்தார். "நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் அழுத்தம் கிடையாது. அப்படி ஒருத்தன் இருந்தான்னா அவன் நம்ம ஆளே இல்ல. பெட்டியைக் கட்டிக்கிட்டு நகரத்துக்கே போயிடணும்!"

சொன்னது ஊருக்கு. பார்த்தது மாப்பிள்ளையை. செத்தாலும் இந்தக் கடற்காற்றில்தான் சாக வேண்டும் என்று வந்தவன் அவன்.

"இதுக்கா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் பிரிசெய்டா. "கொக்கோக் கொட்டையில இருக்கிற சத்து ரத்தக் குழாயைத் தளர்த்தி விடும்னு அந்த டாக்டருங்களே சொல்லியிருக்காங்க. மருந்தை அடுப்புல வச்சுக்கிட்டு எதுக்கு அழறீங்க?"

வாழைப்பழம் மசித்துப் போட்ட கொக்கோவை எட்டுக் கோப்பை குடித்தான். இரவு முழுக்கத் தூளிப்படுக்கையில் கண் கொட்டாமல் கூரையின் ஓலைகளை எண்ணினான். நெஞ்சு படகு மோட்டார் போல அடித்தது.

காலையில் நூற்று அறுபத்தாறு. பிரிசெய்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோப்பைக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டா? கொக்கோ ஒரு பக்கம் இறக்கும், சர்க்கரை ஒரு பக்கம் ஏத்தும். அதுவும் படுக்கப்போற நேரத்துல எட்டுக் கோப்பை! காப்பியில இருக்கிறது கொஞ்சம் இதுலயும் இருக்குங்க, தூக்கம் எப்படி வரும்?"

"இதை நேத்து சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க நிறுத்தினீங்க, நான் சொல்றதுக்கு?"

சரி, சர்க்கரையே வேண்டாம் என்று காய்ந்த கொட்டைகளை அப்படியே மென்றான். கசப்பு உச்சந்தலை வரை ஏறியது. இரும்புச்சத்து, மெக்னீசியம், நார்ச்சத்து என்று ஒவ்வொரு சத்தாகச் சொல்லிக்கொண்டே இரண்டு கைப்பிடி விழுங்கினான். இரும்பு என்ன செய்ததோ தெரியாது, நார்ச்சத்து உடனே வேலையில் இறங்கிவிட்டது.

கடலுக்கு மேல் பலகை போட்டுக் கட்டிய கழிப்பறைக்கு அவன் ஆறாவது முறை ஓடியபோது, மாமனார் வாசலில் உட்கார்ந்து தன் கோப்பையில் சர்க்கரையைக் குவித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு மீனுக்கெல்லாம் விருந்தா?"

"ஒண்ணுமில்ல மாமா. காத்து வாங்கப் போறேன்."

"ஆறு தடவையா?"

திரும்பி வந்து பார்த்தான். நூற்று எழுபத்தொன்று. இனிக் கொக்கோவை நம்பிப் பயனில்லை, ஆளைத்தான் நம்ப வேண்டும்.

ஒன்றுவிட்ட மைத்துனன் நிக்கானோர் இறால் பிடிக்க மூச்சடக்கி மூழ்குகிறவன். புயலே வந்தாலும் கொட்டாவி விடுவான். எவேலியோ அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், என் பேர்ல நீ போய் உக்காரு. வர்ற நர்ஸுக்கு நம்மள்ல யாரையும் தெரியாது. என் மானத்தைக் காப்பாத்து."

நிக்கானோர் பதறவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. "உன் எண் என்ன?"

"நாப்பது. கடைசி."

"கடைசின்னா சரி, வந்துடறேன். நடுவுலன்னா முடியாது."

"ஏன், என்ன வேலை?"

"இருக்கு, விடு. சட்டை மட்டும் உன்னோடதா குடுத்துடு."

சோதனை நாளன்று எவேலியோ தென்னைக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். நாற்பதாவது எண்ணைக் கூப்பிட்டதும் நிக்கானோர் எங்கிருந்தோ மூச்சிரைக்க ஓடிவந்து, எவேலியோவின் சட்டையை மாட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

மாலையில் சபை கூடியது. டாக்டர் எழுந்தார்.

"அற்புதம்! முப்பத்தொன்பது பேருக்கு அழுத்தம் கச்சிதமா இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் நூத்தி எழுபத்தஞ்சு. திரு. எவேலியோ."

ஊரே திரும்பிப் பார்த்தது. எவேலியோ பக்கத்தில் இருந்த நிக்கானோரின் விலாவில் இடித்தான்.

"பாவி! உனக்கு ஏதுடா அழுத்தம்?"

"காலையிலேர்ந்து ஒரே ஓட்டம் மச்சான்," என்று நிக்கானோர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நானும் மனுஷன்தானே."

ரோசெண்டோ எழுந்தார். குரல் கூரையைத் தொட்டது. "நான் அப்பவே சொன்னேன்! நகரத்துல தின்ன உப்பு சும்மா விடுமா? பேச்சு பேச்சுதான். பிரிசெய்டா, உன் புருஷன் பெட்டியை எடுத்து வை. இந்தப் படகுலயே போகட்டும்."

"அப்பா!" என்று பிரிசெய்டா அழுதாள். சபையில் மற்ற ஆண்களெல்லாம் 'த்சொ த்சொ' என்று தலையாட்டினார்கள்.

கையில் பெட்டியோடும் கண்ணில் நீரோடும் எவேலியோ படகுத்துறைக்கு நடந்தான். வழியனுப்ப ஊரே பின்னால் வந்தது, மாமனார் முன்வரிசையில். டாக்டர் ஏற்கெனவே படகில் ஏறிக் குறிப்பேட்டை மடியில் வைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் மட்டும் எவேலியோவை நிறுத்தி, ஒரு கட்டுச் சீட்டைக் கையில் திணித்தாள். மறுபடி வந்து சோதித்துக்கொள்ளச் சொல்லும் ஆஸ்பத்திரிச் சீட்டுகள்.

"எனக்கு ஒருத்தனுக்கா இத்தனை சீட்டு?" என்றான் அவன்.

"உங்களுக்கு ஒண்ணுதாங்க," என்றாள் நர்ஸ், "மீதி பதினாறும் உங்களுக்கு முன்னாடி இதே ஆளுக்குச் சட்டை மாட்டி அனுப்பினவங்களுக்கு. முதல் சீட்டை உங்க மாமனார்கிட்ட குடுத்திடுங்க."