ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஒரு மெசேஜ்

இருபத்து நான்கு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுகூட இருக்கவில்லை. இப்போது முப்பத்தொன்று ஆகிறது. வருடத்துக்கு வருடம் தெரியாதவை கூடிக்கொண்டே போகின்றன.

அப்போது கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் எழுதிய நிரல் கொஞ்சம்தான். எந்தக் கருவியில் நிரல் எழுத வேண்டும் என்று இணையத்தில் போட்ட சண்டைகள்தான் ஏராளம். வெள்ளைத் திரையில் வேலை செய்கிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை. மவுஸைத் தொடுகிறவன் தொழில் தெரியாதவன். கேள்வி பதில் தளத்தில் யாராவது ஒரு சந்தேகம் கேட்டால், அதற்குப் பதில் சொல்லாமல், அவன் ஏன் அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறான் என்று மூன்று பத்தி திட்டி எழுதுவேன். (அதற்கும் நாலு பேர் லைக் போட்டார்கள். நான் கெட்டதே அதனால்தான்.)

என் கருத்துகளிலேயே பெரிய கருத்து ஒன்று உண்டு. நல்ல மென்பொருள் எந்த நேரத்திலும் வாயடைத்து நிற்கக் கூடாது. பயன்படுத்துகிறவர் எதையும் பதியாவிட்டாலும், அதுவே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிட வேண்டும். இதைப் பற்றி இரண்டு பாகமாகக் கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

அந்தச் சமயம் அலுவலகம் எங்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு மடிக்கணினியோடு வந்து சேர்ந்தேன். அம்மா கொழுந்து எடுக்கிறவள். காலையில் லயத்திலிருந்து கீழே இறங்கி, ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துக்குப் போவாள். அங்கே மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அன்றைக்கு எந்த நம்பர் மலையில் வேலை என்று சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு, இறங்கிய அதே பாதையில் மறுபடி ஏறி, எங்கள் லயத்தைத் தாண்டித்தான் பெரும்பாலும் மலைக்குப் போக வேண்டும். ஒரு நம்பரைத் தெரிந்துகொள்ள இவ்வளவு நடையா என்று எனக்குள் இருந்த மேதை கொதித்தான்.

கண்டாக்கையாவிடம் போய் என் திட்டத்தைச் சொன்னேன். அவர் முதல் நாள் சாயந்தரமே போனில் மலை நம்பரைப் பதிந்துவிட வேண்டும். காலை ஐந்தரைக்குக் கொழுந்து எடுக்கும் முப்பத்திரண்டு பெண்களுக்கும் மெசேஜ் போகும். அவர்கள் நேராக மலைக்கே போய்விடலாம்.

"அதுக்கு ஒரு குரூப்ல போட்டாப் பத்தாதா தம்பி?" என்றார்.

பாவம், தெரியாமல் கேட்டுவிட்டார். குரூப் என்பது பூப்படமும் காலை வணக்கமும் அனுப்புகிற இடம், அது ஒரு கருவியே அல்ல என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பனியில் நின்று கேட்டுவிட்டு, என்னிடமிருந்து தப்பிப்பதற்காகவே சரி என்றார்.

திங்கட்கிழமை முதல் நாள். ஞாயிறு சாயந்தரம் அடை மழை. கண்டாக்கையாவின் போனில் சிக்னல் இல்லை. 'காலையில பெரட்டுல சொல்லிக்கலாம்' என்று அவர் படுத்துவிட்டார். ஆனால் என் மென்பொருள் வாயடைத்து நிற்கிற ரகமில்லையே. யாரும் எதுவும் பதியாவிட்டால் அனுப்புவதற்கு என்று நான் ஒரு நம்பர் வைத்திருந்தேன். ஒன்பது. சின்ன வயதில் அம்மாவைத் தேடிப் போன மலை அது, கை தானாக அந்த எண்ணைத் தட்டியிருந்தது.

ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. காதுவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கண்டாக்கையா நின்றார். ஒரு மணி நேரமாகப் பெரட்டுக் களத்தில் தனியாக நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

"பொம்பளையாளுக எல்லாம் எங்க தம்பி?"

நான் மடிக்கணினியைத் திறந்து பெருமையாகக் காட்டினேன். திரை முழுக்கப் பச்சை. "முப்பத்திரண்டு பேருக்கும் போய்ச் சேந்திருக்குங்க ஐயா."

"மெசேஜ் சேந்துருச்சு. ஆளுக எங்க போய்ச் சேந்தாங்க?"

"ஒன்பதாம் நம்பருக்கு."

"ஒன்பது கவ்வாத்து வெட்டி ஒரு மாசந்தான் ஆச்சு தம்பி. அங்க ஒரு எலகூட கெடையாது" என்றார். "இன்னிக்கு வேல நாலாம் நம்பர்ல."

நாலாம் நம்பர் அடுத்த பக்கத்து மலை. ஒன்பதில் போன் பிடிக்காது, நடந்து போய்த்தான் கூப்பிட வேண்டும். நேரம் கழித்து வேலை தொடங்கினால் கொழுந்து நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். முப்பத்திரண்டு வீட்டு அரை நாளை நான் தூங்கிக்கொண்டே தின்றிருந்தேன். ரப்பர் செருப்போடு ஏறத் தொடங்கினேன், பின்னால் கண்டாக்கையா. பாதி வழியில் ஒரு செருப்பு அறுந்தது. மீதி வழியை அட்டைகளுக்குக் காலைக் கொடுத்துக்கொண்டே முடித்தேன்.

மேலே, வெட்டி விட்ட மொட்டைத் தூர்களுக்கு நடுவில் எல்லோரும் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வீட்டுப் பார்வதி அத்தைதான் எழுந்தார். எங்கள் லயத்திலேயே நீளமான நாக்கு அவருடையது.

"வாங்க மருமகனே. கொழுந்து எங்க இருக்குன்னு காட்டுங்க, எடுக்கிறோம். ஒங்கம்மா வேற, எம் மகன் போட்டா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டா."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, பதிவு வராதபோது மென்பொருள் தானாக ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை விளக்கப் பார்த்தேன். அத்தை கடைசிவரை கேட்டார்.

"அப்ப யாரும் ஒன்னும் சொல்லலைன்னா நீயே ஒன்னு சொல்லிருவ?"

எத்தனையோ பேர் என் நிரலைப் பரிசோதித்திருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் பிழையைப் பிடித்ததில்லை. (என் குணத்திலிருந்த பிழையும் அதுவேதான்.)

அதற்குள் கண்டாக்கையா வந்து சேர்ந்தார். அத்தை அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, மிலாறு எடுக்க ஒரு நாள் விடுறேன்னு போன வாரமே சொன்னீங்கல்ல. அத இன்னிக்குக் காலையில முடிச்சுட்டோம்னு வச்சுக்கங்க. நாலாம் நம்பர்ல நெற கொறையாம நாங்க காட்டுறோம். முழுப் பேரு போட்ருங்க."

மிலாறு என்றால் கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி. லயத்து அடுப்புக்கு அதைவிட நல்ல விறகு கிடையாது. நம்பரைப் பதியாததில் தன் பங்கும் இருந்ததாலோ என்னவோ, கண்டாக்கையா தலையாட்டினார். எங்கிருந்தோ கயிறுகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் முப்பத்திரண்டு கட்டு தயார். பெண்கள் நாலாம் நம்பருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கட்டுகளை லயத்துக்குச் சுமக்கும் பொறுப்பு, மென்பொருள் பொறியியலாளரான எனக்குக் கொடுக்கப்பட்டது.

சாயந்தரம் கடைசி நிறுவையின்போது நானும் ஓரமாகப் போய் நின்றேன். மதியச் சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துவிட்டுக் கொழுந்து எடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் நிறை குறையவில்லை, எல்லோருக்கும் முழுப் பேர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. (அட்டைக் கடி என்று சொல்லிக்கொண்டேன்.) வீட்டில் அம்மா என் காலுக்குச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டாள்.

"அத நிப்பாட்டிடுறேம்மா."

"ஏன் நிப்பாட்டுற? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லச் சொல்லு."

அன்றே மாற்றினேன். இப்போது பதிவு வராவிட்டால் என் மென்பொருள் அனுப்புவது இதுதான்: 'மலை நம்பர் இன்னும் தெரியாது. பெரட்டுக்கு வாங்க.' நான் எழுதியவற்றிலேயே ஒழுங்கான வரி அது. அலுவலகத்தில் இப்போது புதிதாக வரும் பிள்ளைகள் கறுப்புத் திரையா வெள்ளைத் திரையா என்று சண்டை போடும்போது, நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன்.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பானை வைக்க மிலாறு ஒடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "ஏம்மா, அன்னிக்கு ஒன்பதுல கொழுந்து இல்லைன்னு ஒனக்குத் தெரியாதா?"

"வெட்டுனதுக்கப்புறம் அங்க துப்புரவு பண்ணுனதே நாங்கதான்."

"பெறகு ஏன் போனீங்க?"

"மொத நாளு. ஒருத்தரும் போகலைன்னா ஒன் கம்பியூட்டர அப்புறம் யாரு நம்புவா? பார்வதிதான் சொன்னா, நம்ம லயத்துப் புள்ள போட்டது, போயிருவோம்னு. வெறுங்கையோட வரக்கூடாது, ஆளுக்கொரு கயிறு எடுத்துக்கங்கன்னும் அவதான் சொன்னா."

கொழுந்து எடுக்கப் போனவர்கள் கையில் முப்பத்திரண்டு கயிறு எப்படி வந்தது என்று, இவ்வளவு புத்தியுள்ள எனக்கு அன்றைக்குத் தோன்றவேயில்லை. எழுந்து போய்ப் பார்வதி அத்தையின் வாசலில் நின்றேன். எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் சும்மா நின்றேன். "என்னா மருமகனே, இன்னிக்கு ஒன்னும் சொல்லக் காணோம்?" என்று கேட்டுவிட்டு, அத்தை உட்காரச் சொல்லிப் பொங்கல் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் விறகு தீர்ந்தால் இன்றும் யாரும் அதைத் தீர்ந்தது என்று சொல்வதில்லை. "தம்பி, ஒன்பதாம் நம்பருக்கு ஒரு மெசேஜ் போடேன்" என்று அம்மா கொழும்புக்குப் போன் செய்வாள். போன வாரமும் கேட்டாள். வேலைக்கு நடுவில், அவளுக்கு மட்டும் அனுப்பினேன்: 'நாளை ஒன்பதாம் நம்பர் மலை.' உடனே ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் பார்வதி அத்தையின் சிரிப்புச் சத்தம், முன்னால் அம்மா.

"கயிறு எடுத்துட்டோம்."