அடங்கு என்றால் அடங்கும் சாம்பல்

கிணறு சிவந்துபோனது. சாயப்பட்டறைக் குழாய் கிணற்றுக்குப் பின்னால்தான் கொட்டுகிறது. அதை எட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஆனால் ஊருக்கு வந்திருக்கும் சாமியார் தெளிவானந்தரைப் பார்க்கத் தெருக்கோடி வரை வரிசை! "முன்னோர் சாபம்" என்று அவர் சொல்லிவிட்டார். செத்தவர்கள் வந்து மறுக்கவா போகிறார்கள்?

வாடகைக் கூடத்தில், பட்டு விரித்த பீடத்தின்மேல் ஒரு கண்ணாடிக் குடம். அதில் சிவப்புத் தண்ணீர். தெளிவானந்தர் ஒரு சிட்டிகை கறுப்புச் சாம்பலைப் போட்டுக் கலக்குவார். "அடங்கு!" என்பார். சாம்பல் அடியில் போய்ப் பதுங்கும். மேலே தண்ணீர் பளிங்காய் நிற்கும். வாயைப் பிளந்த கூட்டம் சாம்பலைப் பொட்டலம் பொட்டலமாய் வாங்கிப் போகும். வீட்டில் போட்டாலோ, தண்ணீர் கறுத்ததே தவிர சாம்பல் அடங்கவில்லை. "நம்பிக்கை பத்தலை" என்றார் மகான். மறுநாள் வரிசை இன்னும் நீண்டது. அடடா, என்ன அறிவு!

அந்த வரிசையில் ஒரு தையல்காரி, இடுப்பில் பெண் குழந்தையோடு. கிணற்றுத் தண்ணீரில் குளித்துக் குளித்துப் பிள்ளையின் தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது. அவளை இழுத்து வந்தவள் நாத்தனார்.

"வீட்டுல ஏன் அடங்கல?" என்றாள் தையல்காரி.

"அண்ணி, வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. சாபம் பாப்பா மேல பாஞ்சுடப் போகுது."

"இனிமே பாயறதுக்கு அவ ஒடம்புல எடம் ஏது?"

முறை வந்தது. "சாமி, கொடத்தத் தரையில வெச்சு அடக்குங்களேன்."

"தரை அசுத்தம்மா!"

"அப்ப பீடம் சுத்தமா? பாத்துடலாம்." பிள்ளையை நாத்தனாரிடம் கொடுத்தாள், குடத்தை நகர்த்தினாள், மடியிலிருந்த தையல் டப்பாவைத் திறந்து குண்டூசிகளைப் பட்டின்மேல் கொட்டினாள். அத்தனையும் குத்திட்டு நின்றன. பக்தர்களை முந்திக்கொண்டு பட்டுக்கே மயிர்க்கூச்செறிந்துவிட்டது!

ஊசிகளை வழித்தெடுத்துவிட்டுக் குடத்தைத் திரும்ப வைத்து, புதுச் சிவப்புத் தண்ணீர் ஊற்றி, சிட்டிகைச் சாம்பலைப் போட்டுக் கலக்கி, "அடங்கு" என்றாள். கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

நாத்தனார் பிள்ளையோடு படாரென்று காலில் விழுந்தாள். "அண்ணி! நீங்களும் மகானா?" பின்னாலேயே நாலு பேர் விழுந்தார்கள்.

"அட எழுந்திருடி! சிதறின ஊசியப் பொறுக்க நான் வெச்சிருக்கேனே, அதே காந்தம்டி!" பட்டை உருவினாள். பீடத்துக்குள் தட்டு அகலத்துக்கு ஒரு காந்தம்.

தெளிவானந்தர் பின்வாசல் பக்கம் நழுவினார். நாத்தனார் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "இந்தச் சாம்பல் ஏதுய்யா?"

"பட்டறை மேனேஜர் குடுத்தாரும்மா! சாம்பல் இல்ல, காந்தம் இழுக்கற பொடி. கண்ணுக்கே தெரியாத நுணுக்கம். சாயம் அதுமேல ஒட்டிக்கும், காந்தம் ரெண்டையும் சேர்த்து இழுத்துடும். சத்தியமா வேல செய்யும்மா! கழிவுத்தொட்டியில போட வாங்கினது. தெனமும் போட்டா செலவாம். சாபம்னு ஊர நம்ப வெக்க எனக்குன்னா சிட்டிகை போதுமாம்."

கேட்டீர்களா? மருந்து உண்மை, மந்திரம்தான் பொய். தொட்டியில் போட வேண்டியதை ஊரார் கண்ணில் தூவியிருக்கிறார்கள்.

"பாப்பாவுக்கு ஆறுமா அண்ணி?" நாத்தனார் அழுதுவிட்டாள்.

"இந்தத் தண்ணி படாம இருந்தாத்தான் ஆறும். அவங்க பொடியத் தொட்டியில போடட்டும், இல்ல குழாய மூடட்டும். வா, கேட்டுப்புடலாம்."

இருவரும் பட்டறை வாசலுக்கு நடந்தார்கள். கூட்டம் தயங்கியது. ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "அங்க போனா வெயில்ல நிக்கணுமே?"

நில்லுங்கள் ஐயா! செத்த பாட்டனைக் குற்றம் சொல்லக் கால் கடுக்க நின்றீர்களே, சாயம் விடுகிறவனைக் கேட்க ஒரு நாழிகை நின்றால் தேய்ந்தா போவீர்கள்?