அப்பா என்னைத் திட்டிவிட்டார்

அன்பும் அதட்டலும் நிறைந்த அத்தைக்கு,

மருமகன் பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் முழங்காலும் சுகமாக இருக்கட்டும். நிற்க. இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை உங்கள் தம்பியும் தையற்கடை முதலாளியுமாகிய என் அப்பா, தெருவுக்கே கேட்கும்படி என்னைத் திட்டினார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை திட்டுங்க" என்று கேட்டார்.

சிரிக்காதீர்கள் அத்தை. மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னதற்கு முன்பிருந்தே அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார். தையல் மெஷின் முன்னால் உட்காருவார், கால் மிதிக்காது. நானும் என் வித்தையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். அவருடைய சட்டைக் கைகளின் நுனியைத் தைத்து மூடிவைத்தேன். பழைய அப்பாவென்றால் அளவு நாடாவாலேயே விளாசியிருப்பார். இவரோ சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அப்புறம்தான் நீங்கள், "மாத்திரையை நிறுத்தாதீங்க, கூடவே என் தோழிகிட்ட அக்குபங்சரும் பாருங்க" என்று போனில் அடம்பிடித்தீர்கள். "காலமெல்லாம் ஊசி குத்தின விரல் இது. ஊசியில சந்தோஷம் வரும்னா என்னை விட சந்தோஷக்காரன் எவன் இருக்கான்?" என்றார் அப்பா. வெகுநாளைக்குப் பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அது. விடுவேனா? "பயமா இருந்தா சொல்லுங்கப்பா, முதல்ல நான் குத்திக்கிறேன்" என்று இழுத்துக்கொண்டு போனேன். அங்கே சிங்கம்போல் கையை நீட்டினேன். அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் அவரே படுத்தார்.

காதிலும் மணிக்கட்டிலும் உச்சந்தலையிலும் ஊசி நட்டு, அப்பாவைக் குண்டூசி மெத்தை ஆக்கிவிட்டார் உங்கள் தோழி. "இது மூளைக்குள்ள என்னதான் பண்ணும்?" என்றேன்.

"தோல்ல குத்தினா நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகும். சோர்வுல மூளையோட சில பகுதி ஒரே கவலையையே அரைச்சுக்கிட்டிருக்கும். சிலது ஒண்ணோட ஒண்ணு சரியாப் பேசாது. அதை இது மாத்தலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன் தம்பி."

"அடிநூல் சிக்கின மெஷின் மாதிரியா?" படுத்த இடத்திலிருந்து அப்பாவின் குரல்.

"அதேதாண்ணே!"

தொடர்ந்து போனோம். முதலில் தூக்கம் திரும்பியது. பிறகு மெஷின் சத்தம். இன்று காலை, நான் தைத்து மூடிவைத்த அந்தச் சட்டையை எடுத்துக் கையை நுழைத்தார். "இது தையலாடா? கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு! பிரிச்சு ஒழுங்காத் தைடா!" ஆஹா, என்ன குரல் அத்தை! ஊசியால் பிழைப்பவர் ஊசியாலேயே பிழைத்துவிட்டார். உங்கள் அடத்துக்கு ஆயிரம் நன்றி.

உங்கள் காலைத் தொட்டு வணங்கும், வாய்ப்புக் கிடைத்தால் வாரியும் விடும்,
மருமகன்

பி.கு.: சிங்கம் என்று எழுதினேன் அல்லவா? ஊசி என்மேல் படுமுன்பே "அப்பா!" என்று அலறி நாற்காலியோடு சாய்ந்துவிட்டேன். கண் திறந்தால், அப்பா என் கையைப் பிடித்தபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவருக்கு முதல் ஊசியே. ஆகவே மூளையை மாற்றியது ஊசியா, அந்தச் சிரிப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் தோழியைக் கேட்டால், "ரெண்டும்னு வெச்சுக்கோ" என்கிறார். நாளைக்கும் போகிறோம். நான் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன்.