குழி மூடிய கையோடு குதிரை ஏறச் சொன்னார்கள்

"உங்க இஷ்டம், எங்க வேணும்னாலும் போகலாம்" என்று யாராவது சொன்னால் உடனே கிளம்பிவிடாதீர்கள். எதுவரைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்காததால் என் அக்கா மகளின் கல்யாணமே ஆற்றோடு போகப் பார்த்தது.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது என்பாள் அக்கா. சுற்றிலும் தொண்டை கிழிய விலை கத்துவார்கள். நான் தராசைப் பார்த்துத் தலையாட்டுவேன். (பூ வியாபாரத்தில் பேசாதவனுக்குத் தனி மரியாதை. ஏமாற்றத் தெரியாதவன் என்று நினைத்துக்கொள்வார்கள்.)

அக்கா மகள் கோமதி, நர்ஸ். வந்த வரன்களெல்லாம் "கல்யாணத்துக்குப் பொறவு வேலை எதுக்கு?" என்று கேட்டுப் போனவர்கள். சிவகிரி முத்துக்குமார் ஒருவன்தான் "வேலைக்குப் போகட்டும், அது அவ இஷ்டம்" என்றான். கோமதிக்கு அந்த ஒரு வார்த்தையில் பிடித்துப் போயிற்று. மாப்பிள்ளை வீடு பார்க்க அக்கா, அத்தான், நான் மூவரும் கிளம்பினோம். தாய்மாமன் வாய் திறக்காமல் எந்தப் பேச்சும் தொடங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினானோ, என்னைக் கேட்டிருந்தால் வேண்டாமென்றிருப்பேன்.

போய் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா ராஜபாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் வந்த பிறகுதான் பேச்சு. அக்காவும் அத்தானும் பின்கட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கஷ்டம் பொறுக்காமல் முத்துக்குமார் டிவியைப் போட்டு, வீடியோ கேம் கருவி ஒன்றை என் கையில் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு வார்த்தை தேவைப்படுகிறதே, வாங்கிக்கொண்டேன்.

"மாமா, இது ஓப்பன் வேர்ல்டு. மலைக்குப் போலாம், காட்டுக்குப் போலாம், சும்மா ஊரச் சுத்தலாம். உங்க இஷ்டம்."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?"

"ஒருத்தரும் சொல்ல மாட்டாவ."

திரையில் ஒரு தாடிக்காரன் வந்தான். அவன்தான் நான். வந்ததும் வராததுமாக, சுட்டுக் கொல்லப்பட்ட அவன் அண்ணனை அடக்கம் செய்தார்கள். தாடிக்காரன் தன் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினான். அதற்குள் தூரத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் மினுங்கியது.

"அது கோட்டை, மாமா. அங்க போயி அண்ணனைக் கொன்னவனப் பிடிக்கணும். குதிரையில ஏறுங்க."

"இப்பமேயா?"

"ஆமா."

"குழி மூடுன கையோடயா?"

குழிக்குப் பக்கத்திலேயே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து வருகிற மனிதன், அதுவும் கூடப்பிறந்தவனைப் புதைத்துவிட்டு வருகிறவன், குளிக்காமல் குதிரை ஏறுவானா? பூ எடை போடுகிற எனக்குத் தெரிகிறது, இத்தனை பெரிய மலையையும் காட்டையும் செய்தவனுக்குத் தெரியாதா?

"ஆறு இங்கனதான கெடக்கு. ஒரு முங்கு போட்டுட்டுப் போறேன்."

தாடிக்காரனைத் திருப்பினேன். (அவன் முதலில் வேலியில் முட்டினான், பிறகு அடக்கம் செய்துவைத்த பாதிரியார் மேல் முட்டினான். அது வேறு.) ஆற்றை நெருங்கியதும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"என்னவே சொல்லுதான்?" என்றேன். வருங்கால மாப்பிள்ளையைக் கூட்டாளியைப் போல 'வே' போட்டது இன்றுவரை உறுத்துகிறது.

"கதையை விட்டு விலகுதீங்களாம். திரும்பச் சொல்லுதான்."

"எங்க வேணும்னாலும் போலாம்னு சொன்னிய?"

"போலாம் மாமா. ஆனா இப்பக் கதை நடக்குல்லா."

என் பிறவியில் அப்படிக் கோபம் வந்ததில்லை. இறக்கினேன் ஆற்றில். தாடிக்காரன் பூட்ஸும் கோட்டுமாக முழுகினான், எழவில்லை. திரை கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது அதே குழி, அதே அண்ணன், மறுபடியும் அடக்கம்.

அதாவது, மறுபடியும் தீட்டு. மறுபடியும் ஆற்றுக்குப் போனேன். மறுபடியும் சிவப்பு எழுத்து, மறுபடியும் முழுகினான், மறுபடியும் அண்ணனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்பத்தைந்து வருஷம் சேர்த்து வைத்திருந்த சத்தம் மொத்தமும் வெளியே வந்தது.

"எத்தனை தடவைடா ஒருத்தனையே பொதைப்பிய? துட்டிக்குப் போனவன் குளிக்க வேண்டாமா? இது என்னடா வீடு?"

வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா நின்றார். பக்கத்தில் பெரியம்மா, கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. அடுக்களையிலிருந்து முத்துக்குமாரின் அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல இதான் மொதப் பேச்சா?" என்றார் பெரியப்பா. வழக்கப்படி தாய்மாமன் பேச்சைத் தொடங்கியாகிவிட்டது.

விளையாட்டுதான் என்று முத்துக்குமார் எவ்வளவோ சொன்னான். அவன் அம்மா முகம் தெளியவில்லை. தட்டு அப்படியே உள்ளே போயிற்று. "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்றார்கள்.

பஸ்ஸில் அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் திரும்பினாள். "ஆயுசுல ஒரு நாள் வாயைத் தொறந்த. அதுவும் துட்டிக்கா தொறந்த?"

வீட்டில் கோமதி அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கூப்பிட்டு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"எங்க வேணும்னாலும் போலாம்னு அவரே சொன்னாரா, மாமா?"

"அவருதான்."

"நீ போனதும் திரும்புன்னாரா?"

"திரும்புன்னாரு."

உடனே என் முன்னாலேயே முத்துக்குமாருக்குப் போன் போட்டாள். "எங்க மாமா பேசுனது தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லுங்க. வேலைக்குப் போறது என் இஷ்டம்னு என்கிட்டயும் சொல்லியிருக்கீங்க. ஒங்க வீட்டுல ஒரு விசேஷம், ஒரு சண்டைன்னு வந்தா, இப்பக் கதை நடக்கு, திரும்புன்னு சொல்லுவீங்களா?" "அது வந்து..." என்று அவன் இழுத்தான். அவளாகவே போனை வைத்துவிட்டாள். நான் கல்யாணத்தை ஒரு தடவை கெடுத்தேன், இவள் அதற்குக் கருமாதியே செய்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து முத்துக்குமார் பைக்கில் மார்க்கெட்டுக்கே வந்து நின்றான். நான் சாக்குக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன்.

"மாமா, நீங்க கேட்டதுல இருந்து தேடிப் பாத்துட்டேன். அந்த ஆத்துல குளிக்கதுக்கு வழியே வைக்கல."

"அதான நானும் சொன்னேன்."

"கோமதிகிட்டச் சொல்லுங்க. நான் திரும்பச் சொல்ல மாட்டேன். எங்கம்மா சொன்னா அது என் பாடு. அம்மாகிட்டப் பேசிட்டுத்தான் வாரேன்."

"நீங்களே சொல்லுங்களேன்."

"போனை எடுக்க மாட்டேங்கா, மாமா."

கல்யாணம் நடந்தது. தாய்மாமனுக்கு மாலை உண்டு. மைக் பக்கம் மட்டும் என்னை விடவில்லை. கோமதி இப்போது ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். நைட் டியூட்டிக்கு அவன்தான் கொண்டுபோய் விடுகிறான்.

ஆனால் ஒன்று மட்டும் ஓயவில்லை. உறவில் எங்கே துட்டி என்றாலும், நான் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வெளியே வரும்போது முத்துக்குமார் எத்தனை பேர் நின்றாலும் கேட்பான்: "மாமா, முங்கியாச்சா? இனிக் கதைக்குப் போலாமா?" துட்டி வீடென்றும் பாராமல் சிரிக்கிறார்கள். அவன் பெரியப்பாவும் சிரிக்கிறார். நான் தலையைத் துவட்டிக்கொண்டே போய்விடுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தத் தாடிக்காரன் இன்றைக்கும் குளிக்காமல்தான் அலைகிறான்.